தெளிந்த ஏரியில் மீன் ஏன் குறைந்தது? ஃபிளாட்ஹெட் ஏரியின் நீரும் மீனும்

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள ஃபிளாட்ஹெட் ஏரியில் கோடை முடிவில் எட்டிப் பார்த்தால் பத்து மீட்டருக்குக் கீழேயும் கண் போகிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் லட்சக்கணக்கில் இருந்த கோகனி சால்மன் ஏன் அற்றுப்போனது? தண்ணீர் கெட்டுவிட்டதா? இதுபோன்ற ஏரியின் தண்ணீரையும் மீனையும் எப்படி அளந்து அறிவது?

தண்ணீர் கெடவில்லை. தண்ணீரைக் காப்பாற்ற எடுத்த முயற்சிகள் பெருமளவு பலித்தன. மீன் வேறொரு வழியில் போனது. தண்ணீரின் தெளிவு ஒரு கணக்கு, மீனின் எண்ணிக்கை இன்னொரு கணக்கு. ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்த ஏரியைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

முதலில் தெளிவு என்பது என்ன என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் கெண்டை வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குளத்தில் சாணம் போட்டு, தண்ணீர் இளம்பச்சையாக மாறிய பிறகுதான் குஞ்சு விடுவார்கள். முழங்கை வரை கையை விட்டுப் பார்த்து, விரல் நுனி மங்கினால் தீனி போதும் என்பார்கள். அதாவது 30 முதல் 40 செ.மீ. வரை தெரிந்தால் அது நல்ல மீன் குளம். ஃபிளாட்ஹெட்டில் 10 மீட்டர் தெரிகிறது என்றால், அங்கே பாசிக்கு உணவு அவ்வளவு குறைவு என்று பொருள். தெளிந்த நீர் பசித்த நீர். அதில் மீன் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிலோ மீனுக்கும் பின்னால் மிக மெல்லிய ஒரு உணவுச் சங்கிலி இருக்கும். அதில் ஒரு கண்ணி மாறினாலும் மேலே இருப்பவை ஆடிப்போகும்.

ஏரியின் உருவத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பனியாறு குடைந்த பள்ளம். பரப்பு ஏறத்தாழ 500 சதுர கி.மீ., அதிகபட்ச ஆழம் 113 மீட்டர், சராசரி ஆழம் 50 மீட்டரை ஒட்டி. கடல் மட்டத்திலிருந்து 880 மீட்டர் உயரம். உள்ளே வரும் நீர் வெளியேற இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். நீர் வருவது பெரும்பாலும் பனிமலைகளிலிருந்து: கிளேசியர் தேசியப் பூங்காவின் சரிவுகள், ஃபிளாட்ஹெட் ஆற்றின் மூன்று கிளைகள் (கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கும் வடக்குக் கிளை, நடுக் கிளை, தெற்குக் கிளை). மிகப் பழமையான படிவப் பாறைகள் மேல் ஓடி வருவதால் அந்த நீரில் பாசிக்கு உணவான பாஸ்பரஸ் அரிது. ஏரியின் தென்பாதி சேலிஷ், கூட்டனை பழங்குடிகளின் கூட்டமைப்புக்கு உரிய ஒதுக்கீட்டு நிலத்தில் வருகிறது. 1855-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அவர்களுக்கு அங்கே மீன்பிடி உரிமை உண்டு. பின்னால் வரும் மீன் மேலாண்மைக் கதையில் அவர்கள்தான் முன்னணியில் நிற்கிறார்கள். யெல்லோ பே என்ற விரிகுடாவில் மொன்டானா பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் இருக்கிறது. 1899-இல் தொடங்கிய நிலையம் அது. 1977 முதல் நடு ஏரியின் ஆழமான ஒரே இடத்தில் இடைவிடாமல் மாதிரி எடுத்துவருகிறார்கள். அந்த நீண்ட பதிவு இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கு ஊகத்தைத் தவிர வேறு பதில் இருந்திருக்காது.

இனி பாஸ்பரஸ். 500 சதுர கி.மீ. பரப்பை 50 மீட்டர் சராசரி ஆழத்தால் பெருக்கினால் 25 கன கி.மீ. தண்ணீர். லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் கூடுவதென்றால் ஏரி முழுவதற்கும் 25 டன் தேவை. கேட்கப் பெரிய அளவாக இருக்கும். ஆனால் இந்த ஏரியில் மொத்த பாஸ்பரஸே லிட்டருக்கு ஒற்றை இலக்க மைக்ரோகிராம்தான். 5 என்பது 6 ஆவது ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. ஒரு மனிதனின் கழிவில் ஒரு நாளைக்கு 1.5 கிராம் அளவுக்குப் பாஸ்பரஸ் போகிறது, அதாவது ஆண்டுக்கு அரைக் கிலோ. ஒரு கிலோ பாஸ்பரஸ் ஈர எடையில் சுமார் 500 கிலோ பாசி வளரப் போதுமானது. கரையோரத்தில் வீடுகள் கூடும்போது கவலைப்படுவது இந்தக் கணக்கினால்தான்.

1983-இல் ஏரி முழுவதும் நீலப்பச்சைப் பாசி பூத்தது. அதுவரை நகரங்களின் கழிவுநீர் பாஸ்பரஸ் நீக்கப்படாமலே ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. 1980-களின் நடுவில் பாஸ்பேட் கலந்த சலவைத் தூளுக்கு வட்டார அளவில் தடை வந்தது. நகரச் சுத்திகரிப்பு நிலையங்களில் பாஸ்பரஸ் நீக்கும் கட்டம் சேர்க்கப்பட்டது. மேலே கனடா எல்லைக்குள் திட்டமிடப்பட்ட சுரங்கங்களுக்கு 2010-இல் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு முற்றுப்புள்ளி வைத்தது. அமெரிக்கப் பக்கத்தில் 2014-இல் வடக்குக் கிளையைக் காக்கும் சட்டம் நிறைவேறியது. இந்த உலகில் நீர்நிலையைக் கெடுத்த கதைகள் ஏராளம். கெடுவதற்கு முன்பே நிறுத்திய கதைகள் குறைவு. இதை அந்த வட்டாரத்து மக்களின் சாதனையாகவே சொல்ல வேண்டும்.

இப்போது அளவிடும் முறைக்கு வருவோம். தெளிந்த ஏரியில் அளவீடு தவறுவது மிக எளிது, ஏனென்றால் தேடும் பொருளே அவ்வளவு குறைவு.

தெளிவை அளக்கும் செக்கித் தட்டு எல்லோராலும் முடிந்த அளவீடு. 20 செ.மீ. குறுக்களவுள்ள தட்டு, நான்கு கால்வாசிகளில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி, அடியில் எடை. காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில், படகின் நிழல் விழும் பக்கத்தில், குளிர்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இறக்க வேண்டும். மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, இன்னும் சற்று இறக்கி, மெல்ல இழுத்து மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். தவறு வழக்கமாகக் கயிற்றில் வரும். சாதாரண நைலான் கயிறு நனைந்தால் நீளும். 12 மீட்டர் ஆழத்தில் அது அரை மீட்டர் பொய் சொல்லும். நீளாத அளவு நாடாவைக் கட்டுங்கள், அல்லது கயிற்றை ஒரு நாள் ஊறவைத்து இழுத்த பிறகு குறி போடுங்கள். காற்றில் படகு நகர்ந்தால் கயிறு சாயும். சாய்ந்த கயிற்றின் நீளம் ஆழம் ஆகாது. எடையைக் கூட்டுங்கள், அல்லது அந்த நாளை விட்டுவிடுங்கள்.

மாதமும் முக்கியம். மே, ஜூனில் பனி உருகி ஆறு வண்டல் கொண்டுவரும்போது வட பகுதியில் தெளிவு சில மீட்டராகச் சுருங்கும். அது பாசி இல்லை, நுண்மணல். ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்த அளவை மே மாத அளவோடு ஒப்பிட்டு "ஏரி சுத்தமாகிவிட்டது" என்று சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை.

பாசியையும் வண்டலையும் பிரித்தறிய மூன்று அளவுகளை ஒன்றாக எடுக்க வேண்டும்: செக்கி ஆழம், குளோரோபில் (பாசியின் அளவைக் காட்டும் பச்சை நிறமி), மொத்த பாஸ்பரஸ். 1977-இல் ஏரி ஆய்வாளர் கார்ல்சன் கொடுத்த சூத்திரம் மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும். செக்கி ஆழத்தின் இயல் மடக்கையை 14.41 ஆல் பெருக்கி 60-இலிருந்து கழியுங்கள். 10 மீட்டருக்கு 27 வரும். குளோரோபில் லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம் என்றால், அதன் மடக்கையை 9.81 ஆல் பெருக்கி 30.6 கூட்டினால் 28. பாஸ்பரஸ் 5 என்றால், மடக்கையை 14.42 ஆல் பெருக்கி 4.15 கூட்டினால் 27. மூன்றும் 40-க்குக் கீழே, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன: சத்துக் குறைந்த ஏரி, பாஸ்பரஸ் பாசியைக் கட்டுப்படுத்துகிறது, பாசி தெளிவைக் கட்டுப்படுத்துகிறது. செக்கி எண் மட்டும் 45-க்கு ஏறி, குளோரோபில் 28-இலேயே நின்றால் வண்டல்தான் காரணம். மூன்றும் சேர்ந்து ஆண்டுக்காண்டு ஏறினால்தான் உண்மையில் அஞ்ச வேண்டும்.

பாஸ்பரஸ் மாதிரியில் வழுக்குவது இரண்டு இடங்களில். முதலாவது புட்டி. வீட்டுச் சோப்பில் கழுவிய புட்டியில் எடுத்த மாதிரி சோப்பைத்தான் அளக்கும். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசிய புட்டி வேண்டும். விரல் புட்டியின் வாய்க்குள் படக்கூடாது. பத்து மாதிரிக்கு ஒன்றாவது வெறும் தூய நீரை அதே படகில், அதே கையால் நிரப்பி அனுப்புங்கள். அதில் பாஸ்பரஸ் வந்தால் மற்ற ஒன்பதையும் நம்பாதீர்கள். இரண்டாவது ஆய்வகம். பல ஆய்வகங்களின் கண்டறியும் வரம்பு லிட்டருக்கு 10 அல்லது 20 மைக்ரோகிராம். அங்கே அனுப்பினால் "கண்டறியப்படவில்லை" என்று சான்றிதழ் வரும். பாஸ்பரஸ் 4-இலிருந்து 8-க்கு ஏறி ஏரி இரட்டிப்பாகச் செழித்திருந்தாலும் அதே சான்றிதழ்தான் வரும். 1 அல்லது 2 மைக்ரோகிராமைக் காணும் ஆய்வகத்தைத் தேடிப் பணம் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சோதனையே வேண்டாம்.

குளோரோபிலுக்கு ஒரு லிட்டராவது கண்ணாடி இழை வடிதாளில் வடித்து, உடனே அலுமினியத் தாளில் சுற்றி, உறைய வைக்க வேண்டும். வெயிலில் அரை மணி நேரம் கிடந்தால் நிறமி சிதைந்து, ஏரி இருப்பதைவிடச் சுத்தமாகத் தெரியும்.

வெப்பநிலையையும் ஆக்சிஜனையும் மேலிருந்து 20 மீட்டர் வரை மீட்டருக்கு ஒரு முறையும், அதற்குக் கீழே ஐந்து மீட்டருக்கு ஒரு முறையும் எடுக்கலாம். கோடையில் மேல் நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொடும். அடியில் 4, 5 டிகிரி. இடையில் வெப்பம் சட்டென்று சரியும் அடுக்கு இருக்கும். ட்ரௌட் இனங்களுக்கு அந்த அடுக்குக்குக் கீழேதான் வாழ்விடம், ஆகவே கீழே ஆக்சிஜன் எவ்வளவு என்பதே கேள்வி. கருவியை ஏரிக்கரையிலேயே அளவு சரிசெய்ய வேண்டும். 880 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஒரு பத்தில் ஒரு பங்கு குறைவு. 4 டிகிரியில் கடல் மட்டத்தில் லிட்டருக்கு 13 மி.கி. கரையும் ஆக்சிஜன் அங்கே 12-ஐக்கூட எட்டாது. இது தெரியாமல் 11.7-ஐப் பார்த்து "ஆக்சிஜன் குறைகிறது" என்று பதறுபவர்கள் உண்டு. ஃபிளாட்ஹெட்டின் ஆழத்தில் ஆக்சிஜன் நன்றாகவே இருக்கிறது; ஏரி பெரும்பாலான ஆண்டுகளில் முழுதாக உறைவதும் இல்லை.

ஆக, தண்ணீரின் கணக்கில் ஏரி தேர்ச்சி. அப்படியானால் கோகனி?

கோகனி என்பது கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் சாக்கை சால்மன். அதுவும் இந்த ஏரிக்கு வந்தேறிதான். 1910-களில் கொண்டுவந்து விட்டார்கள். லேக் ட்ரௌட் 1905-இலேயே வந்தது. லேக் வொயிட்ஃபிஷ் அதற்கும் முன்பு. ஏரிக்கே உரியவை புல் ட்ரௌட், கட்த்ரோட் ட்ரௌட், மலை வொயிட்ஃபிஷ் முதலியவை. பல பத்தாண்டுகள் இந்த வந்தேறிகளும் உள்ளூர் மீன்களும் ஒருவகைச் சமநிலையில் இருந்தன. லேக் ட்ரௌட் இருந்தது, ஆனால் பெருகவில்லை. கோகனிதான் ஏரியின் முக்கிய மீன்பிடி. இலையுதிர் காலத்தில் அது முட்டையிட மேலேறும் மெக்டொனால்ட் ஓடையில் வெண்தலைக் கழுகுகள் கூடும். 1981-இல் ஒரே நாள் கணக்கெடுப்பில் 639 கழுகுகள்.

மீனைப் பெருக்க நினைத்துச் செய்த ஒரு காரியம் இதைக் கவிழ்த்தது. மைசிஸ் என்பது ஒன்று, இரண்டு செ.மீ. நீளமுள்ள, கண்ணாடி போன்ற நன்னீர்ச் சிற்றிறால். கனடாவின் கூட்டனே ஏரியில் 1949-இல் விட்டார்கள். 1960-களில் அந்த ஏரியின் மேற்குக் கிளையில் கோகனி மிகப் பெரிதாக வளர்ந்தது. அதைப் பார்த்து வட அமெரிக்காவின் மேற்கு முழுவதும் ஏரி ஏரியாக மைசிஸை விட்டார்கள். மொன்டானாவிலும் 1968 தொடங்கி ஃபிளாட்ஹெட்டுக்கு மேலே உள்ள சில ஏரிகளில் விட்டார்கள். அது ஆற்றோடு இறங்கி 1981-இல் ஃபிளாட்ஹெட்டில் தென்பட்டது.

கூட்டனேயில் பலித்தது ஏன், இங்கே கெடுத்தது ஏன் என்பதைப் புரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மைசிஸுக்கு வெளிச்சம் ஆகாது. பகலில் அடித்தரையில் கிடக்கும், இருட்டியதும் மேலே ஏறி விலங்கு மிதவைகளை (நீரில் மிதக்கும் நுண்விலங்குகளை) தின்னும், விடியுமுன் இறங்கிவிடும். கோகனியோ கண்ணால் பார்த்து, பகல் வெளிச்சத்தில், மேல் நீரில் மேயும் மீன். ஆகவே இரண்டும் சந்திப்பதே இல்லை. கூட்டனேயின் மேற்குக் கிளைக்கு வாயிலில் ஆழம் குறைந்த ஒரு மேடு இருக்கிறது. நீரோட்டம் அந்த மேட்டில் மோதி மைசிஸை வெளிச்சத்துக்குத் தூக்கிவரும். கோகனி அங்கே காத்திருந்து தின்றது. அந்த நிலவமைப்பு ஃபிளாட்ஹெட்டில் இல்லை. அங்கே மைசிஸ் கோகனிக்கு உணவாகாமல், கோகனியின் உணவைத் தின்னும் போட்டியாளர் ஆனது. டாஃப்னியா போன்ற பெரிய மிதவைகள்தான் கோகனிக்குச் சோறு; மைசிஸுக்கும் அவையே முதல் விருப்பம். 1986-இல் மைசிஸ் சதுர மீட்டருக்கு 130-ஐ ஒட்டி எட்டியது. டாஃப்னியா சரிந்தது.

இது பாதிக் கதைதான். மறுபாதி அடித்தரையில் நடந்தது. லேக் ட்ரௌட் குஞ்சுகள் ஆழத்தில் வாழ்பவை. முன்பு அங்கே அவற்றுக்கு இரை போதாது. பெரும்பாலானவை வளராமலே மடிந்தன. இப்போது பகல் முழுவதும் தரையில் மைசிஸ் விரித்துக் கிடந்தது. குஞ்சுகள் பிழைத்தன, பெருகின, பெரிதாகின. பெரிதான லேக் ட்ரௌட் மீனைத் தின்னும். கோகனிக்குக் கீழிருந்து உணவு பறிபோனது, மேலிருந்து பகை பெருகியது. 1985-இல் மெக்டொனால்ட் ஓடையில் ஒரு லட்சத்துக்கு மேல் ஏறிய கோகனி, 1980-களின் முடிவில் கிட்டத்தட்ட இல்லை. 1989-இல் கழுகுகள் 25. கரடிகளும் நீர்நாய்களும் அந்த ஓடையைக் கைவிட்டன.

அந்த ஆண்டுகளில் அணைகள்மேல் பழி போனதற்கும் காரணம் உண்டு. தெற்குக் கிளையில் 1953-இல் முடிந்த ஹங்ரி ஹார்ஸ் அணை மின்தேவைக்கேற்ப நீரைத் திறந்து மூடியது. ஏரியின் வெளிவாயிலில் 1938-இல் கட்டிய அணை மேல்மட்டத்து மூன்று மீட்டரை ஏற்றி இறக்கியது. கரையோரச் சரளையில் இட்ட முட்டைகள் குளிர்காலத்தில் வறண்டு போனது உண்மை. அது கோகனியை முன்பே மெலியச் செய்திருந்தது. ஆனால் அணை இயக்கம் மாறிய பிறகும் கோகனி திரும்பவில்லை. 1993 முதல் 1997 வரை பண்ணையில் வளர்த்த கோகனியைப் பெரும் எண்ணிக்கையில் விட்டுப் பார்த்தார்கள். லேக் ட்ரௌட்டின் வயிற்றைத்தான் நிரப்பியது. அத்தோடு அந்த முயற்சி கைவிடப்பட்டது. (வெளிவாயில் அணையை 2015-இல் பழங்குடிக் கூட்டமைப்பே வாங்கி, தம் மூன்று இனங்களின் பெயரையும் சேர்த்துப் பெயர் மாற்றிவிட்டது.)

தண்ணீருக்கும் இதில் ஒரு பங்கு வந்தது. மிதவைகள் குறைந்ததால் பாசியை மேய ஆள் குறைந்தது. மைசிஸ் வந்த பிறகு ஏரியின் பாசி உற்பத்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்ததாக நிலையத்தின் நீண்ட பதிவு காட்டியது. வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸ் கூடாமலே பாசி கூடலாம் என்பதை இங்கே கவனியுங்கள். ஆனாலும் ஏரி பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. செக்கித் தட்டை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தால், அடியில் உணவு வலையே தலைகீழானது தெரிந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான பாதையில் போனவை மிச்சிகன், ஹியூரான் பேரேரிகள். அங்கே குவாகா மட்டிகள் அடித்தரையை மூடி, நீரை வடிகட்டிப் பாசியைத் தின்றன. தெளிவு கூடிக் கூடி, வடக்கே இருக்கும் சுப்பீரியரையே மிஞ்சியது. வொயிட்ஃபிஷ்ஷின் கொழுத்த உணவான டிப்போரியா என்ற சிற்றுயிர் பெரும்பகுதியில் அற்றுப்போனது, வொயிட்ஃபிஷ் மெலிந்தது. ஹியூரானில் 2003, 2004-ஐ ஒட்டி ஏல்வைஃப் மீன் குலைந்து, அதை நம்பியிருந்த சினூக் சால்மனும் விழுந்தது. அங்கே தெளிவு கூடியதே நோயின் அறிகுறி.

புல் ட்ரௌட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோகனி வந்தேறி, இது மண்ணின் மைந்தன். ஏரியில் வளர்ந்து, முட்டையிட இருநூறு கி.மீ.க்கும் மேல் எதிர்நீச்சல் போட்டுக் கனடா எல்லைக்குள்ளும் ஏறும். நீர் 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பிறகு, செப்டம்பர் வாக்கில், நிலத்தடி ஊற்று கசியும் சரளையில் குழி தோண்டி முட்டையிடும். குஞ்சு ஒன்று முதல் மூன்று ஆண்டு ஓடையிலேயே இருந்து, பிறகு ஏரிக்கு இறங்கும். இறங்கும் வாயிலில் லேக் ட்ரௌட் காத்திருக்கிறது. 1990-களில் முட்டைக் குழிகளின் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. 1998-இல் அழியும் அபாயமுள்ள இனங்களின் கூட்டாட்சிப் பட்டியலில் புல் ட்ரௌட் சேர்ந்தது. இன்று அதைப் பிடித்தால் உடனே விட்டாக வேண்டும். லேக் ட்ரௌட்டையும் புல் ட்ரௌட்டையும் குழப்பாமல் இருக்க வாலைப் பாருங்கள்: லேக் ட்ரௌட்டின் வால் ஆழமாகப் பிளந்திருக்கும், புல் ட்ரௌட்டின் வால் கிட்டத்தட்ட நேராக இருக்கும். இரண்டாவதாக முதுகுத் துடுப்பு: புல் ட்ரௌட்டில் அதில் புள்ளியே இராது.

மீனை எண்ணும் முறைகளில் ஒவ்வொன்றும் ஒரு பகுதியைத்தான் காட்டும். முட்டைக் குழிகளை ஒவ்வோர் ஆண்டும் அதே ஓடைத் துண்டுகளில், முட்டையிடல் முடிந்த பிறகு நடந்து எண்ணுகிறார்கள். மழை பெய்து ஓடை பெருகிவிட்டால் குழிகள் தட்டையாகி, எண்ணிக்கை பொய்யாகக் குறையும். ஏரியில் வசந்தத்தில், நீர் மேலும் கீழும் ஒரே வெப்பத்தில் இருக்கும்போது, குறித்த இடங்களில் செவுள் வலை போடுகிறார்கள். 38 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம், 19 முதல் 51 மி.மீ. வரை ஐந்து கண்ணளவுத் துண்டுகள். மாலையில் போட்டுக் காலையில் எடுப்பது. வலைக்கு எத்தனை மீன் என்பதுதான் கணக்கு; ஏரியில் மொத்தம் எத்தனை என்று அதிலிருந்து நேரே சொல்ல முடியாது. கோடையில் போட்டால் மீன் ஆழத்தில் ஒதுங்கியிருக்கும், போன ஆண்டோடு ஒப்பிட வழியில்லை.

வயதைச் செதிலில் பார்க்கக் கூடாது. முதிர்ந்த லேக் ட்ரௌட் மிக மெதுவாக வளர்வதால் செதில் வளையங்கள் ஒட்டிப்போய் வயதைக் குறைத்துக் காட்டும். காதுக்குள் இருக்கும் செவிக்கல்லை எடுத்து, குறுக்கே அறுத்து, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். முப்பது ஆண்டுகளைத் தாண்டும் மீன்கள் உண்டு. இது வெறும் அறிவுக்காக இல்லை: தாமதமாகப் பருவமடைந்து நீண்ட நாள் வாழும் மீனை, ஆண்டுதோறும் விடாமல் பிடித்தால் குறைக்க முடியும்.

மைசிஸை எண்ணுவது இரவு வேலை. நிலவில்லாத இரவில், வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, 1 மீட்டர் வாயுள்ள வலையை அடிவரை இறக்கி, சீரான மெதுவான வேகத்தில் செங்குத்தாக இழுக்க வேண்டும். வாயின் பரப்பு 0.785 சதுர மீட்டர்; 79 மைசிஸ் கிடைத்தால் சதுர மீட்டருக்கு 100. பகலில் இழுத்தால் வலை ஏறக்குறைய வெறுமையாக வரும், "மைசிஸ் போய்விட்டது" என்ற நல்ல செய்தி தவறாகப் பரவும்.

மைசிஸை இனி எடுக்க முடியாது. கையில் இருக்கும் ஒரே பிடி லேக் ட்ரௌட்டைக் குறைப்பதுதான். பழங்குடிக் கூட்டமைப்பு 2002 முதல் "மேக் டேஸ்" என்ற தூண்டில் போட்டியை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடத்துகிறது. பரிசு கொடுத்து லேக் ட்ரௌட்டைப் பிடிக்கச் சொல்கிறார்கள். ஆண்டுக்குப் பல்லாயிரம் மீன்கள் வெளியேறுகின்றன. 2014 முதல் செவுள் வலையும் போடுகிறார்கள், புல் ட்ரௌட் குறைவாக இருக்கும் ஆழங்களில். பிடித்த மீன் உணவாகப் போகிறது. பெரிய லேக் ட்ரௌட்டை வேண்டும் என்று வருகிற தூண்டில்காரர்களுக்கும் புல் ட்ரௌட்டைக் காக்க நினைப்பவர்களுக்கும் இதில் நீண்ட சச்சரவு இருந்திருக்கிறது. என் பார்வையில் கூட்டமைப்பின் வாதமே வலுவானது: அந்த ஆற்றில் பத்தாயிரம் ஆண்டு ஏறி இறங்கிய மீனுக்கு வேறு இடம் இல்லை, லேக் ட்ரௌட்டுக்குப் பாதிக் கண்டம் இருக்கிறது.

பிடித்ததைச் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர் தெளிவாக இருப்பதால் மீனில் பாதரசம் இல்லை என்று ஆகாது. பாதரசம் காற்றில் வந்து, உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் செறிந்து, வயதான பெரிய லேக் ட்ரௌட்டின் தசையில் தங்குகிறது. தோலையும் கொழுப்பையும் சீவினால் பி.சி.பி. போன்ற தொழிற்சாலை நச்சுகள் குறையும், பாதரசம் குறையாது, அது தசையிலேயே இருக்கிறது. சின்ன மீனாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் மாநிலத்தின் உண்ணும் அளவுப் பட்டியலைப் பார்த்தே சாப்பிட வேண்டும்.

கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு: ஏரி நடுவின் அளவு மாறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உங்கள் கரைக் கற்களில் வழுவழுப்பான பச்சைப் படலம் காட்டிக்கொடுத்துவிடும். கழிவுத்தொட்டியிலிருந்து கசியும் பாஸ்பரஸை மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்துவைக்கும்; ஆனால் பனியாறு விட்டுப்போன சரளை மண்ணில் அந்தப் பிடி குறைவு, சில பத்தாண்டுகளில் நிரம்பியும் விடும். பிறகு நிலத்தடி நீரோடு கரைக்கு வரும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தொட்டியைக் காலிசெய்யுங்கள். புல்தரைக்கு உரமிட வேண்டாம். கரையோரப் புதர்களை வெட்டாமல் விடுங்கள்.

படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பாக: குவாகா மட்டி இதுவரை ஃபிளாட்ஹெட்டில் நிலைகொள்ளவில்லை. 2016-இல் மொன்டானாவின் டைபர் நீர்த்தேக்கத்தில் மட்டி லார்வாக்கள் கண்டறியப்பட்ட பிறகு சாலைகளில் படகுச் சோதனை இறுகியது. வேறு நீர்நிலையிலிருந்து வரும்போது அடிப்பகுதியையும் இழுவண்டியையும் கழுவி, எல்லா அடைப்பான்களையும் திறந்து, உயிர்மீன் தொட்டி, எடைத்தொட்டி, எஞ்சின் குளிர்விப்பு நீர் அனைத்தையும் வடித்து, முற்றிலும் உலரவிட்ட பிறகே இறக்குங்கள். ஒட்டிய மட்டியைக் கொல்ல 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் வேண்டும். கையால் தாங்கக்கூடிய சுடுநீர் போதாது. லார்வா கண்ணுக்குத் தெரியாது. எடைத்தொட்டியின் மூலையில் தேங்கிய இரண்டு லிட்டர் நீரில் அது வந்துவிடும். அந்த மூலைக்குக் குழாய் எட்டாவிட்டால் படகின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, கடைசிச் சொட்டு வரை வடியவிடுங்கள்.